தாளில் விரலால் பெரிதாக்க முடியாது: கியூஜிஐஎஸ்ஸில் அச்சுக்கு வரைபடம் தயாரிப்பது

முன்பொரு முறை ஒரு நீர்ப்பிடிப்புப் பகுதியின் வரைபடத்தைக் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் செய்து, ஏ3 தாளில் அச்சடித்துக் களப்பணிக்குக் கொடுத்தேன். தலைப்புக்குக் கீழே 1:25,000 (தாளில் ஒரு செ.மீ. என்பது தரையில் 250 மீட்டர்) என்று பெரிதாகப் போட்டிருந்தேன். இரண்டு நாள் கழித்துக் குழுவில் ஒருவர் வந்தார். "மேடம், தாள்ல இருபது சென்டிமீட்டர் இருக்கு, அஞ்சு கிலோமீட்டர்னு கணக்குப் போட்டுப் போனோம். ஜிபிஎஸ்ல அஞ்சேகாலுக்கு மேல காட்டுது" என்றார். காரணத்தைக் கண்டுபிடிக்க நேரம் ஆகவில்லை. அச்சடிக்கும்போது 'ஃபிட் டு பேஜ்' (தாளுக்குள் அடக்கு) தேர்வாகி இருந்தது. வரைபடம் 95 சதவீதமாகச் சுருங்கிவிட்டது, எழுதிய எண் மட்டும் அப்படியே நின்றது. தூரத்தைக் குறித்த அளவுகோல் பட்டை ஒன்று வைத்திருந்தால் அதுவும் வரைபடத்தோடு சேர்ந்து சுருங்கியிருக்கும், அவர்கள் சரியான தூரத்தைப் படித்திருப்பார்கள்.

அன்றிலிருந்து எந்த வரைபடத்தையும் தாளிலிருந்துதான் தொடங்குகிறேன். திரையில் பார்ப்பவர் வேண்டிய இடத்தைப் பெரிதாக்கிக்கொள்வார். தாளில் பார்ப்பவருக்கு நாம் கொடுத்ததுதான்.

முதலில் கணக்கு. காட்ட வேண்டிய பகுதி கிழக்கு மேற்காக 10 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஏ3 தாளைப் படுக்கையாக வைத்தால் அகலம் 420 மி.மீ. இருபுறமும் 10 மி.மீ. ஓரம் விட்டால் மீதி 400. பத்து கிலோமீட்டர் என்பது ஒரு கோடி மில்லிமீட்டர். அதை 400-ஆல் வகுத்தால் 25,000. கணக்கில் 23,700 மாதிரி வந்தால் அதை அப்படியே வைக்க வேண்டாம், 25,000-க்கு ஏற்றிவிடுங்கள். முழு எண்ணாக இருந்தால்தான் களத்தில் நிற்பவர் ஸ்கேலை வைத்து மனக்கணக்காகத் தூரம் சொல்ல முடியும்.

அடுத்து, லேஅவுட்டை (அச்சுத் தாளை அமைக்கும் ஜன்னலை) திறப்பதற்கு முன்பே புரொஜெக்ஷனை, அதாவது உருண்டைப் பூமியைத் தட்டையாக்கும் முறையைப் பாருங்கள். இணைய வரைபடத்தைப் பின்னணியாகச் சேர்த்திருந்தால் புராஜெக்ட் பெரும்பாலும் இபிஎஸ்ஜி 3857 என்ற எண்ணுள்ள முறையில், அதாவது இணைய வரைபடங்களுக்கான வெப் மெர்க்கேட்டரில் இருக்கும். அதில் நிலநடுக்கோட்டிலிருந்து விலக விலக எல்லாம் பெரிதாகிக்கொண்டே போகும். 60 பாகை அட்சரேகையில் நீளம் இரண்டு மடங்கு. அந்த நிலையில் எழுதும் அளவு எண்ணுக்குப் பொருளே இல்லை. பகுதி சிறியதென்றால், உலகை நெடுக்கு மண்டலங்களாகப் பிரிக்கும் யூடிஎம் முறையில் அது விழும் மண்டலத்துக்கு மாற்றிவிடுங்கள். மண்டலம் ஒவ்வொன்றும் 6 பாகை அகலம், மொத்தம் 60. அதற்குள் அளவுப் பிழை மிகச் சிறியது.

இப்போது கண்ட்ரோல் + பி அழுத்தி லேஅவுட்டுக்குப் பெயர் கொடுங்கள். தாளின் மேல் வலது கிளிக் செய்து, பேஜ் பிராப்பர்ட்டீஸில் ஏ3 ஆக்குங்கள். 'ஆட் மேப்' எடுத்துச் சட்டம் வரைந்து, ஐட்டம் பிராப்பர்ட்டீஸில் ஸ்கேல் கட்டத்தில் 25000 என்று தட்டுங்கள். இதற்குப் பிறகு மவுஸ் சக்கரத்தால் வரைபடத்தைப் பெரிதாக்கவோ சிறிதாக்கவோ கூடாது, அளவு மாறிவிடும். இடத்தைச் சற்றே நகர்த்த 'மூவ் ஐட்டம் கன்டென்ட்' கருவி போதும். லேயர்களை (சாலை, ஆறு போன்ற தரவு அடுக்குகளை) மேப் தீமாக, அதாவது எவை எப்படித் தெரிய வேண்டும் என்ற தொகுப்பாகச் சேமித்து 'ஃபாலோ மேப் தீம்' கொடுத்துவிட்டால், பிரதான ஜன்னலில் லேயரை அணைத்தாலும் லேஅவுட் கலையாது.

அளவுகோல் பட்டையில் அலகைக் கிலோமீட்டராக்கி, ஒரு துண்டு 1 என்றும் வலப்பக்கம் இரண்டு துண்டுகள் என்றும் கொடுங்கள். பட்டை சரியாக 8 செ.மீ. வரும். இந்த எட்டை நினைவில் வையுங்கள், கடைசியில் தேவைப்படும். குறிவிளக்கத்தில் 'ஆட்டோ அப்டேட்' டிக்கை எடுத்துவிட்டு, 'ரோடு_ஃபைனல்_2' போன்ற கோப்புப் பெயர்களைத் 'தார்ச்சாலை' என்று மாற்றுங்கள். படிப்பவருக்குத் தெரிந்ததைக் குறிவிளக்கத்தில் விளக்கவே வேண்டாம். ஆறு நீலமாக இருந்தால் அது ஆறுதான். வடக்கு அம்பு சிறியதாக இருந்தால் போதும்.

எனக்கு அதிக நேரம் பிடிப்பது எழுத்துகள்தான். ஆங்கிலப் பெயர்கள் 6 பாயின்ட்டில் படிக்க வரும். தமிழில் அந்த அளவில் புள்ளியும் சுழியும் மை ஊறி அடைத்துக்கொள்கின்றன, அதனால் 7.5-க்குக் கீழே நான் போவதில்லை. ஆற்றின் பெயரை அழகுக்காக எழுத்து இடைவெளி கூட்டி விரிக்க ஆசை வரும். தமிழில் அதைச் செய்தால் கொம்பும் காலும் எழுத்தை விட்டுப் பிரிந்து நிற்கக்கூடும். வளைவான லேபிள்களையும் இதற்காகவே ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன். ஊர்ப்பெயர் பிளவுபட்டு அச்சாவது அந்த ஊர்க்காரருக்கு வலிக்கும், அதை அலட்சியமாக விட எனக்கு மனம் வருவதில்லை. கோடுகளை 0.1 மி.மீ.க்கு மேலேயே வையுங்கள்.

செயற்கைக்கோள் படம் சேர்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தின் மிக நுணுக்கமான ஒளிப்பட்டைகளில் ஒரு பிக்சல் தரையில் 10 மீட்டர். 1:25,000-இல் அது தாளில் 0.4 மி.மீ. சதுரம், கண்ணுக்கே கட்டம் கட்டமாகத் தெரியும். 1:50,000-இல் பாதியாகி ஓரளவு மறைந்துவிடும். 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) கொடுத்தாலும் இல்லாத விவரம் முளைக்காது. பலர் சேர்ந்து உருவாக்கும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் இணைய வரைபடத்தின் டைல்களில் (தயார்ப் படத் துண்டுகளில்) தொல்லை வேறு மாதிரி. டிபிஐ கூடக் கூட, படத்தோடு ஒட்டிய எழுத்துகள் எறும்பாகச் சிறுத்துப்போகும். அதன் வெக்டார் தரவை (கோடு, புள்ளி, பரப்பு வடிவத் தரவை) இறக்கி நீங்களே வண்ணம் கொடுப்பது நல்லது. எப்படிப் பயன்படுத்தினாலும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்களுக்கு நன்றி வரி தாளில் இருக்க வேண்டும், அது உரிம நிபந்தனை.

ஏற்றுமதிக்கு பிடிஎஃப், 300 டிபிஐ. எழுத்துகளைப் பாத் ஆக, அதாவது வெறும் கோட்டு வடிவங்களாக மாற்றும் தேர்வை எடுத்தால், அச்சகத்தின் கணினியில் தமிழ் எழுத்துரு இல்லாவிட்டாலும் உருக்குலையாது. பிளெண்ட் மோடோ (கீழுள்ள லேயரோடு நிறம் கலக்கும் முறை) ஒளிபுகும் தன்மையோ கொடுத்த லேயர்கள் படமாக மாறிக் கோப்பைப் பெருக்கவைக்கும், தேவையில்லாத இடத்தில் அவற்றை நீக்குங்கள். தாள் விளிம்புவரை வண்ணம் வேண்டுமென்றால் நாலு பக்கமும் 3 மி.மீ. கூட்டி 426 × 303 என்று பக்கத்தை அமைத்து, வெட்டும் இடத்தை அச்சகத்தாரிடம் சொல்லிவிடுங்கள். திரையில் பளிச்சென்ற நீலம் தாளில் மங்கும், அடுத்தடுத்த பச்சைகள் ஒன்றாகத் தெரியும். வண்ணங்களுக்கு இடையே தாராளமாக வேறுபாடு விடுங்கள்.

முதலில் ஒரே ஒரு பிரதி, 'ஆக்சுவல் சைஸ்' தேர்வோடு. தாளைக் கையில் எடுத்ததும் பட்டையின் மேல் ஸ்கேலை வையுங்கள். எட்டு சென்டிமீட்டர் இருக்க வேண்டும். 7.6 என்றால், எனக்கு நடந்ததுதான் உங்களுக்கும் நடந்திருக்கிறது. அமைப்பை மாற்றி மறுபடி ஒன்று அச்சடித்து அளந்த பிறகே மற்ற பிரதிகள்.