மூளைச்சாவுப் பரிசோதனை: இளம் மருத்துவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் ஓர் இரவு, தீவிர சிகிச்சைப் பிரிவில் அப்னியா பரிசோதனைக்கு (வென்டிலேட்டர் துணையின்றி நோயாளி தானாக மூச்சுவிடுகிறாரா என்று பார்ப்பது) தயாராகி வென்டிலேட்டர் குழாயில் கை வைத்த முதுகலை மாணவரை நிறுத்தி, கடைசி இரத்த வாயு அறிக்கையைக் கேட்டேன். கரியமில வாயுவின் அழுத்தம் 28 மி.மீ. பாதரசம் என்றிருந்தது. பல ஆண்டுகளுக்கு முன் நான் தவறு செய்ததும் ஏறக்குறைய இதே எண்ணில்தான். கண் பாவையில் வெளிச்சம் காட்டுவதிலும், கருவிழியைப் பஞ்சால் தொடுவதிலும், காதில் குளிர்ந்த நீர் செலுத்துவதிலும் நேரும் சிறு பிழைகளை மூத்தவர்கள் உடனிருந்து திருத்திவிடுவார்கள் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

குறைந்த கரியமில வாயுவோடு அப்னியா பரிசோதனையைத் தொடங்குவது

மூச்சுவிடும்படி மூளைத்தண்டைத் தூண்டுவதில் கரியமில வாயுவே முதன்மையானது. அது 60 மி.மீ. அளவை எட்டியும் நெஞ்சு அசையவில்லை என்றால்தான், சுவாச மையம் செயலிழந்துவிட்டது என்று கொள்ள முடியும். வென்டிலேட்டரைக் கழற்றியபின் இந்த அழுத்தம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 3 மி.மீ. உயர்கிறது. 40-இல் தொடங்கினால் எட்டு நிமிடத்தில் 64 வரும்; 28-இல் தொடங்கினால் 52 தான் வரும், அந்த நிலையில் மூச்சு இல்லாதது எதையும் நிறுவாது. தலைக்காயத்தில் மண்டையோட்டுக்குள் ஏறும் அழுத்தத்தைக் குறைக்க வேகமாக மூச்சு கொடுத்திருப்பார்கள் என்பதால் 28 என்ற எண் அடிக்கடி கண்ணில் படும். வென்டிலேட்டரின் வேகத்தைக் குறைத்து, அழுத்தத்தை 35-க்கும் 45-க்கும் இடையே கொண்டுவந்து, இரத்த வாயுவில் உறுதிசெய்து, பத்து நிமிடம் முழு ஆக்சிஜன் கொடுத்த பிறகே குழாயைக் கழற்ற வேண்டும். '20 உயர்ந்தால் போதும்' என்று சிலர் வாதிடுகிறார்கள். 28-இலிருந்து 20 உயர்ந்தால் 48 தான் ஆகிறது என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

நான் அன்று எண்ணிப் பார்க்கவில்லை. இருசக்கர வாகன விபத்தில் வந்த இளைஞர் அவர். மூளைச்சாவை உறுதிசெய்யும் நால்வர் குழுவில், சிகிச்சையளிக்கும் மருத்துவராக நான் இருந்தேன். எட்டாவது நிமிடத்தில் எடுத்த இரத்தத்தில் அழுத்தம் 51 என்று வந்தது. முதல் பரிசோதனையே செல்லாமல் போயிற்று. உறுப்பு மாற்றுச் சட்ட நடைமுறைப்படி இரண்டு பரிசோதனைகளுக்கு இடையே குறைந்தது 6 மணி நேரம் வேண்டும் என்பதால், எல்லாம் தள்ளிப்போனது. நள்ளிரவுக்குப் பின் இரத்த அழுத்தம் சரிந்தது. இரத்த அழுத்தத்தை உயர்த்தும் நார்அட்ரினலின் மருந்தை எவ்வளவு ஏற்றியும் நிலைக்கவில்லை. விடியும் முன் இதயம் நின்றுவிட்டது. மகனின் உறுப்புகளைத் தானம் செய்ய முடியுமா என்று தாமாகவே வந்து கேட்ட தந்தை, கதவருகே செருப்பைக் கழற்றிவிட்டு, "ஐயா, இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?" என்று மூன்று முறை கேட்டிருந்தார். இன்று ஒரு மாணவர் கடிகாரத்தை மட்டும் பார்த்தபடி 'எட்டு நிமிடம் ஆயிற்று' என்று சொல்லும்போது எனக்கு வரும் கோபம் அந்தக் கதவருகிலிருந்து வருவது.

வென்டிலேட்டரின் திரையை நம்புவது

பரிசோதனையின்போது நோயாளியை வென்டிலேட்டரிலேயே வைத்திருந்தால், இதயத் துடிப்பின் அதிர்வையோ குழாயில் தேங்கிய நீரின் அசைவையோ அந்த இயந்திரம் நோயாளி இழுத்த மூச்சாக எடுத்துக்கொள்ளக்கூடும். போர்வையை விலக்கி, நெஞ்சையும் வயிற்றையும் கண்ணால் பாருங்கள். வென்டிலேட்டரைக் கழற்றிச் செய்யும்போது, ஆக்சிஜன் செலுத்தும் மெல்லிய குழாய் சுவாசக் குழாயை அடைத்துவிடக் கூடாது; காற்று வெளியேற வழியில்லாமல் போனால் நுரையீரல் கிழியும்.

மருந்தின் மயக்கத்தை மறப்பது

மிடாசோலம் என்ற மயக்க மருந்தை நிறுத்தி ஒரு நாள் ஆகிவிட்டது என்ற விளக்கம் சிறுநீரகம் செயலிழந்தவருக்குப் பொருந்தாது. மருந்தின் அரை ஆயுளைப் (உடலில் அதன் அளவு பாதியாகக் குறைய ஆகும் நேரம்) போல் ஐந்து மடங்கு நேரம் காத்திருப்பது பொது விதி. சிறுநீரகமோ கல்லீரலோ பழுதாகியிருந்தால் அந்த அரை ஆயுளே நீண்டுவிடும்.

கட்டுவிரியன் கடி

இந்தப் பாம்பின் நஞ்சு தசைகளைச் செயலிழக்கச் செய்து, மூளைச்சாவு போலவே தோன்ற வைக்கும். அப்படிக் கண் பாவை விரிந்து அசைவற்றுக் கிடந்தவர்கள் முழுதாக எழுந்து வீட்டுக்குப் போயிருக்கிறார்கள்; காரணம் தெரியாத கோமாவில் பரிசோதனையைத் தொடங்கவே கூடாது.

உடல் வெப்பம்

36 டிகிரிக்குக் கீழே இருந்தால் முதலில் உடலைச் சூடேற்றுங்கள்.

"மூளைதான் இறந்துவிட்டது, உயிர் இருக்கிறது"

இந்த வாக்கியத்தை உறவினரிடம் ஒருபோதும் சொல்லாதீர்கள். குழு கையெழுத்திட்ட பிறகு, அவர் இறந்துவிட்டார் என்றும், இயந்திரமும் மருந்துகளும்தான் இதயத்தை ஓட வைக்கின்றன என்றும் நேராகச் சொல்லுங்கள். முதுகுத்தண்டின் அனிச்சைச் செயலால் கை விரல்கள் அசையலாம், சில வேளைகளில் கைகளே மேலெழலாம் என்பதையும், அவர்கள் அதைப் பார்ப்பதற்கு முன்பே, உட்கார வைத்துச் சொல்லிவிடுங்கள்.