மாடியில் சோலார்: முதலில் சாக்பீஸ் வாங்குங்கள்

எங்கள் மடிப்பாக்கம் குடியிருப்பில் 24 வீடுகள். பொது மீட்டரில் மாதம் 900 யூனிட் ஓடியது. மாடியில் பத்து கிலோவாட் சோலார் போடலாம் என்றார் விற்க வந்தவர். நான் ஒத்துக்கொள்ளவில்லை.

முதலில் மின் செலவைக் குறையுங்கள். படிக்கட்டுக்கு எல்இடி, தொட்டி நிரம்பியதும் மோட்டாரை நிறுத்த மிதவை சுவிட்ச், 600க்கு இறங்கியது. அதாவது நாளுக்கு 20 யூனிட். கிலோவாட்டுக்கு நாளுக்குச் சுமார் 4 யூனிட் கிடைக்கும். ஐந்து கிலோவாட் போதும். இடம் 500 சதுர அடி.

அடுத்தது நிழல். டிசம்பரில் காலை ஒன்பதுக்கும் மாலை நான்குக்கும் தண்ணீர்த் தொட்டியின் நிழலைச் சாக்பீஸால் வரையுங்கள். கோட்டுக்குள் ஒரு சோலார் பலகைகூட வேண்டாம். (எங்கள் கோடுகளில் பிள்ளைகள் பாண்டி ஆடினார்கள்.)

மோட்டாரைப் பகல் பதினொன்றுக்கு ஓட்டுங்கள். பேட்டரி வேண்டாம், நெட் மீட்டர் (மிச்ச மின்சாரத்தை மின்வாரியத்துக்குக் கொடுத்து, பில்லில் கழித்துக்கொள்ளும் மீட்டர்) கேளுங்கள். மத்திய அரசின் மாடி சோலார் திட்டமான பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் குடியிருப்போர் சங்கங்களின் பொதுப் பயன்பாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு.