பனோரமாவில் திணறிய கணினி: ப்ராசஸர் மேல் பழியில்லை

என் கணினியில் ஏஎம்டியின் ரைசன் 7 7700 ப்ராசஸர், 16 ஜிபி ஒற்றை ரேம். 45 மெகாபிக்சல் ரா படங்கள் (கேமரா பதியும் மூலக் கோப்புகள்) பத்தை லைட்ரூம் என்ற போட்டோ மென்பொருளில் ஒரே அகலமான பனோரமாவாக இணைத்தால் மவுஸே நகராது. டாஸ்க் மேனேஜரில் மெமரி 97%, சிபியு 30%கூட இல்லை. எஸ்எஸ்டி மட்டும் ஓயாமல் ஓடியது. ரேம் போதாமல் விண்டோஸ், எஸ்எஸ்டியில் ரேமுக்குப் பதிலாக வைத்திருக்கும் பேஜ் ஃபைலை நம்பி ஓட்டுகிறது. இதற்கு ப்ராசஸர் மாற்றுவது தண்டச்செலவு.

பழைய ரேமைக் கழற்றிவிட்டு 32 ஜிபி டிடிஆர்5 இரண்டு, ஒரே கிட்டாகப் போட்டேன். ப்ராசஸர் பக்கமிருந்து எண்ணி 2, 4ஆம் ஸ்லாட்டுகள். கிளிப் 'டக்'கென்று விழ வேண்டும். நாலு ஸ்லாட்டையும் நிரப்பலாமே என்பார் கடைக்காரர். வேண்டாம். இந்த ப்ராசஸரில் ரேமின் வேகம் இரண்டுக்கு 5200 MT/s என்றால், நாலுக்கு ஏஎம்டி சொல்வது 3600தான். பயாஸில் (கணினியின் அடிப்படை செட்டிங்ஸ் திரை) எக்ஸ்போவை, அதாவது ரேமை அதன் அறிவித்த வேகத்தில் ஓட்டும் செட்டிங்கை, ஆன் செய்யாவிட்டால் 6000 ரேமும் பெரும்பாலும் 4800இல்தான் ஓடும். முதல் பூட்டில், புது ரேமுக்கு ஏற்பக் கணினி தன்னைச் சரிசெய்துகொள்ளும் மெமரி டிரெய்னிங் நடப்பதால் திரை சில நிமிடம் கறுப்பாகவே இருக்கும். பதறிப்போய் பவரை அணைக்காதீர்கள்.