சேலத்து ஓவியர்கள் விண்ணப்பிக்கும் முன்

ஓவிய ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, அஸ்தம்பட்டி வீட்டில் எனக்கு வாய்த்திருக்கும் வேலை பழைய மாணவர்களின் விண்ணப்பங்களைத் திருத்துவது. முதல் பத்தியை அப்படியே சிவப்பு மையால் அடித்துவிட்டுத்தான் தொடங்குவேன். உதவித்தொகை, ரெசிடென்சி (ஓரிடத்தில் சில காலம் தங்கிப் படைக்கும் வாய்ப்பு), கண்காட்சி எல்லாவற்றுக்கும் ஒரே கடிதத்தை அனுப்புகிறார்கள். ஆனால் அங்கெல்லாம் கேட்கப்படும் கேள்விகள் வேறு வேறு. பணம் தருபவர், இந்தக் காலத்துக்குள் என்ன செய்வாய் என்று கேட்கிறார். ரெசிடென்சி நடத்துபவர், அதை எங்கள் இடத்துக்கு வந்து ஏன் செய்ய வேண்டும் என்கிறார். கண்காட்சித் தேர்வுக் குழுவுக்கோ முடிந்த படம் போதும்.

முதலில் உங்கள் வயதைப் பாருங்கள். மத்தியப் பண்பாட்டு அமைச்சகத்தின் இளம் கலைஞர் உதவித்தொகை 18 முதல் 25 வயது வரையிலானவர்களுக்கு. மாதம் 5,000 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுகள். 25 முதல் 40 வரை இளநிலை ஃபெலோஷிப் என்ற ஆய்வு உதவித்தொகை, மாதம் 10,000. நாற்பதைத் தாண்டியவர்களுக்கு முதுநிலை ஃபெலோஷிப், மாதம் 20,000. தொகை மாதாமாதம் கைக்கு வராது, ஆறு மாதத் தவணையாகத்தான் வரும். அதை நம்பி வாடகைக்கு ஸ்டூடியோ பிடிக்காதீர்கள். இளம் கலைஞர் உதவித்தொகை உயர்பயிற்சிக்கானது என்பதால் குருவின் கடிதம் வேண்டும். கடைசி நாள் மாலையில் அதைக் கேட்டு வருகிறவர்களுக்குக் காபி கொடுப்பேன், கடிதம் மறுநாள்தான்.

ஃபெலோஷிப் ஆய்வு நோக்குள்ள திட்டத்தை எதிர்பார்க்கிறது. 'உழைக்கும் மக்களின் வாழ்வை வண்ணத்தில் பதிவு செய்வேன்' என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் புரியாது. செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளை வரையப் போகிறீர்களா? எந்தத் தெரு, பட்டறைக்குள் உட்கார்ந்து வரைய அனுமதி உண்டா, பற்றவைப்பவரை வரைவீர்களா, மெருகு போடுபவரையா, கரியிலா எண்ணெய் வண்ணத்திலா என்று எழுதுங்கள். முதல் ஆறு மாதத்தில் கோட்டோவியங்கள், அடுத்த ஆறு மாதத்தில் பெரிய படங்கள் என்று பிரித்துக் காட்டுங்கள். தாள், வண்ணம், ஃபிரேம், பஸ் செலவு எல்லாவற்றுக்கும் கணக்குப் போடுங்கள். குறைத்துக் கேட்டால் கிடைத்துவிடும் என்பது நம் ஊர்க் கூச்சம். படிப்பவர் அதைப் பார்த்து, இவருக்கு வேலையின் அளவு தெரியவில்லை என்றே நினைப்பார்.

ஆங்கிலம் தடுக்கிறது என்பவர்கள் கலைத் திட்டங்களுக்கு நிதி தரும், பெங்களூரில் இயங்கும் இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் அமைப்பின் அறிவிப்புகளைக் கவனியுங்கள். திட்டத்தைத் தமிழிலேயே எழுதி அனுப்பலாம். மாநில அரசின் அறிவிப்புகளுக்குச் சேலத்தில் உள்ள மண்டலக் கலை பண்பாட்டு மையத்தில் நேரில் கேட்பதே சுலபம்.

அடுத்தது படத்தைப் புகைப்படம் எடுப்பது. திறமையுள்ள பலர் தோற்பது இங்கேதான். குழல்விளக்கின் கீழே, ஜன்னல் கம்பியின் நிழல் விழ, பக்கவாட்டில் சாய்த்து எடுத்த படங்களை அனுப்புகிறார்கள். நேர் வெயில் வேண்டாம். காலை வெளிச்சத்தில், நிழலான வராந்தாவில் படத்தைச் செங்குத்தாக நிறுத்தி, கேமராவைப் படத்தின் நடுவுக்கு நேராக வையுங்கள். கண்ணாடி போட்ட படமென்றால் கண்ணாடியைக் கழற்றிவிடுங்கள். கோப்பின் பெயரிலேயே உங்கள் பெயர், தலைப்பு, ஊடகம், அளவு, ஆண்டு இருக்கட்டும். எல்லாப் படங்களையும் அனுப்பும் ஆசையை அடக்கி, ஒரே தொடரைச் சேர்ந்தவற்றை மட்டும் அனுப்புங்கள்.

ரெசிடென்சிக்கு வருகிறேன். 1997இல் டெல்லியில் தொடங்கிய கோஜ், பெங்களூரில் உள்ள ஒன் சாந்தி ரோடு போன்ற இடங்கள் அழகான காட்சி ஓவியத்தைத் தேடுவதில்லை. ஏற்காட்டில் லேடீஸ் சீட் பாறை முனையிலிருந்து தெரியும் சேலம் விளக்குகளையும் படகு இல்லத்தையும் வரைந்தவர்கள் ஏராளம். அதே ஏற்காட்டில் காபிக் கொட்டை உலர்த்தும் களமும், சில்வர் ஓக் மரத்தில் ஏறிய மிளகுக் கொடியும், மலையடிவாரத்தில் மேக்னசைட் சுரங்கம் வெளுத்துவிட்ட மண்ணும் இருக்கின்றன. அவற்றோடு பழகியவர் டெல்லி போய் என்ன பார்ப்பார் என்பதில்தான் அவர்களுக்கு ஆர்வம். பயணப்படி உண்டா, பொருள் செலவு யாருடையது, தங்குமிடம் தனியா என்று ஒப்புக்கொள்ளும் முன்பே எழுத்தில் கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்ளும் இடத்துக்குப் போகாமலிருப்பது நல்லது.

பதிப்போவியம் (தகட்டிலோ மரத்திலோ செதுக்கித் தாளில் அச்சிடும் ஓவியம்) செய்பவர்களுக்கு அச்சு எந்திரம்தான் பிரச்சினை. சென்னை கிரீம்ஸ் சாலையில் உள்ள, தேசிய நுண்கலை அமைப்பான லலித் கலா அகாதெமியின் மண்டல மையத்தில் ஸ்டூடியோக்கள் உண்டு. அகாதெமியின் தேசியக் கலைக் கண்காட்சிக்கும் விண்ணப்பியுங்கள். கல்லூரி மாணவர்கள் கொச்சி பினாலே என்ற பன்னாட்டுக் கலைக் கண்காட்சியின் மாணவர் பிரிவைக் கவனிக்கலாம்.

வாட்ஸ்அப்பில் வரும் 'சர்வதேச' குழுக் கண்காட்சிகளைப் பற்றி: என் மாணவி ஒருத்தி சுவர் இடத்துக்குப் பணம் கட்டி, கூரியருக்கும் கட்டி, கடைசியில் ஒரு சான்றிதழும் பிளாஸ்டிக் கேடயமும் வாங்கி வந்தாள். சிறிய விண்ணப்பக் கட்டணம் வேறு. அது நியாயமான இடங்களிலும் உண்டு. தேர்வே இல்லாமல் பணம் கட்டிய எல்லாருக்கும் பதக்கம் தருகிறார்கள் என்றால் விலகிவிடுங்கள்.

தேர்வாகிவிட்டால் படத்தைக் கொண்டு போக வேண்டுமே. ஏற்காடு எக்ஸ்பிரஸில் ஃபிரேமோடு ஏறி சக பயணிகளின் காலை இடிக்காதீர்கள். நன்கு காய்ந்த கேன்வாஸைச் சட்டத்திலிருந்து பிரித்து, வண்ணப் பக்கம் வெளியே இருக்கும்படி, அகலமான பிவிசி குழாயின் மேல் தளர்வாகச் சுற்றுங்கள். உள்பக்கமாகச் சுருட்டினால் விரிக்கும்போது வண்ணம் வெடிக்கலாம். சட்டத்தைப் போய்ச் சேர்ந்த ஊரில் அடித்துக்கொள்ளலாம். அந்தச் செலவையும் முன்பே பட்ஜெட்டில் போட்டுவிடுங்கள்.