ரீசைசிங் டையைப் பொருத்துவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சுட்டு முடித்த ரைபிள் தோட்டாவின் பித்தளைக் கூடு, வெடிமருந்தின் அழுத்தத்தால் சேம்பரின் (குழலில் தோட்டா அமரும் அறையின்) சுவர்வரை விரிந்து போயிருக்கும். அதை மறுபடி நிரப்புவதற்கு முன், உடலையும் கழுத்தையும் அழுத்திச் சேம்பருக்குள் தடையின்றி அமரும் அளவுக்குக் கொண்டுவருவது ரீசைசிங் டை என்னும் உலோக அச்சின் வேலை. டையின் உயரத்தை அமைப்பதில் நேரும் பிழைகளில் பெரும்பாலானவை ஓர் எண்ணத்திலிருந்தே பிறக்கின்றன: டையுடன் வரும் குறிப்புத்தாளைப் பின்பற்றினால் போதும், தன் துப்பாக்கியின் சேம்பர் என்ன அளவில் இருக்கிறது என்று பார்க்க வேண்டியதில்லை என்பதே அது.

பிரஸ்ஸின் (டையைத் திருகிப் பொருத்தும் நெம்புகோல் கருவியின்) ராமை, அதாவது கூட்டை மேலே தள்ளும் தண்டை, முழுவதும் உயர்த்தி, அதன் உச்சியில் கூட்டின் அடியைப் பிடிக்கும் ஷெல் ஹோல்டரைத் தொடும்வரை டையை இறக்கி, அதன் பின் மேலும் எட்டில் ஒரு பங்கோ கால் பங்கோ சுற்றுத் திருகுமாறு குறிப்புத்தாள்கள் பொதுவாகச் சொல்கின்றன. வழக்கமான டைகளில் அங்குலத்துக்கு 14 மரைகள் இருப்பதால் ஒரு முழுச் சுற்று ஏறத்தாழ 1.81 மி.மீ., கால் சுற்று 0.45 மி.மீ. ஆகும். போல்ட் ஆக்‌ஷன் ரைபிளுக்கான கூட்டின் தோளை (உடல் கழுத்தாகக் குறுகும் சரிவை) பின்னுக்குத் தள்ள வேண்டிய அளவோ 0.025 முதல் 0.05 மி.மீ. வரைதான். டை ஷெல் ஹோல்டரில் முட்டியபின் கூடுதலாகத் திருகுவது பிரஸ்ஸின் தளர்வையும் வளைவையும் எடுத்துவிடுகிறதே தவிர, கூட்டை அந்த அளவுக்கு மேலும் உள்ளே தள்ளுவதில்லை என்பது உண்மை. ஆயினும் டைகள் மிகச் சிறிய சேம்பருக்கும் பொருந்தும்படி தயாரிக்கப்படுவதால், சற்று விசாலமான சேம்பர் உடைய துப்பாக்கிக்கு அந்த அமைப்பு தோளைத் தேவைக்கு மீறிப் பின்னுக்குத் தள்ளிவிடும்.

அப்படித் தள்ளப்பட்ட கூட்டைச் சுடும்போது, தோட்டாவின் அடியைத் தட்டும் ஃபயரிங் பின் அதை முன்னோக்கித் தள்ளுகிறது. அழுத்தம் ஏறியதும் மெல்லிய முன்சுவர் சேம்பரை இறுகப் பற்றிக்கொள்ள, தடித்த அடிப்பகுதி மட்டும் சேம்பரைப் பின்னால் அடைக்கும் போல்ட்டை நோக்கிப் பின்னால் நகர்கிறது. இடையில் உள்ள பித்தளை இழுபட்டு மெலிகிறது. சில முறை இப்படியே நிகழ்ந்தால் அடிப்பகுதி தனியே கழன்று, சூடான வாயு பின்பக்கமாகக் கசியும். சுடுபவரின் கண்ணுக்கே ஆபத்து. இதை முன்கூட்டியே கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியைச் சிறிய கொக்கியாக வளைத்து, கூட்டின் உள்சுவரை அடியிலிருந்து மேலாக மெல்ல வருடினால், மெலிந்த இடத்தில் கொக்கி ஒரு பள்ளத்தில் இடறும். இடறினால் அந்தக் கூட்டை நசுக்கி எறிந்துவிட வேண்டும். வெளிப்புறத்தில் அடிக்குச் சற்று மேலே தெரியும் பளபளப்பான கோடு மட்டுமே போதிய சான்று ஆகாது. டை அழுத்தி நின்ற இடத்திலும் அப்படி ஒரு கோடு விழும்.

இதற்கு நேர் எதிரான தவறு பலரைக் குழப்புகிறது. டையைச் சற்றே உயரத்தில் நிறுத்தினால், அதன் சுவர் கூட்டின் உடலை நெருக்கத் தொடங்கும். ஆனால் தோளை டையின் மேற்பகுதி இன்னும் தொட்டிருக்காது. பக்கவாட்டில் நெருக்கப்பட்ட பித்தளைக்குப் போக இடம் மேலே மட்டுமே இருப்பதால், தோள் முன்னோக்கி நகர்ந்து, சுட்டபோது இருந்ததைவிடக் கூடு நீண்டுவிடும். போல்ட் மூட மறுக்கிறதே என்று டையை இன்னும் உயர்த்தி ஏமாறுகிறவர்கள் உண்டு. செய்ய வேண்டியது அதை இறக்குவதுதான், அதுவும் ஒரு முறைக்குப் பத்துப் பாகை அளவு மட்டும், அது 0.05 மி.மீ. இறக்கத்துக்குச் சமம்.

அளக்காமல் இதைச் செய்ய இயலாது. கேலிப்பரில் (நுண் அளவுகோலில்), தோளில் அமர்ந்து அளக்க உதவும் கம்பாரேட்டரைப் பொருத்தி, அதே துப்பாக்கியில் சுட்ட கூடுகளின் அடியிலிருந்து தோள்வரையுள்ள நீளத்தை முதலில் குறித்துக்கொள்ள வேண்டும்; டையிலிருந்து வந்த கூட்டின் நீளத்தை அதிலிருந்து கழித்தால் தோள் எவ்வளவு பின்னுக்குப் போனது என்று தெரியும். அடியில் உள்ள பழைய பிரைமரை (தீமூட்டும் சிறு மூடியை) நீக்காமல் அளந்தால், அது துருத்தி நிற்கும் கூடுகள் பொய்யான எண்ணைத் தரும். ஒரே ஒரு முறை சுட்ட புதிய கூடு சேம்பரை முழுவதும் நிரப்பியிருக்காது என்பதால், இரண்டு மூன்று முறை சுட்டவற்றை எடுத்துக்கொள்வது நல்லது. தானாக ஏற்றிக்கொள்ளும் ரைபிள்களுக்கு 0.08 முதல் 0.13 மி.மீ. வரை இடைவெளி விடுவது வழக்கம்.

சரியான அமைப்பு கிடைத்தபின் டையை அந்த உயரத்தில் பூட்டும் லாக் ரிங்கை இறுக்கும்போது, டைக்குள் ஒரு கூட்டை ஏற்றி வைத்தபடியே இறுக்குவது டை கோணாமல் நிற்க உதவும். வேறொரு ஷெல் ஹோல்டரை மாட்டினால் பழைய அமைப்பை நம்பக்கூடாது. இரண்டின் உயரமும் ஒன்றாக இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. பலமுறை சுட்ட பித்தளை கடினப்பட்டு, டையை விட்டு வெளிவந்ததும் பழைய வடிவத்தை நோக்கிச் சற்றுத் திரும்பிவிடும் என்பதால், டையை அசைக்காதபோதும் அளவு மெல்ல மாறிக்கொண்டே வரும். கூட்டின் கழுத்தையும் தோளையும் முறையாகச் சூடாக்கிப் பதப்படுத்தினால் இந்த மாற்றம் குறையும்.

மசகு பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம்: குறைந்தால் கூடு டைக்குள் சிக்கும், மிகுந்தால் தோளில் பள்ளம் விழும். கழுத்தின் உட்புறத்துக்கும் சிறிது தேவை. இல்லையென்றால் கழுத்தின் உள் அளவைச் சரிசெய்தபடி வெளியேறும் எக்ஸ்பாண்டர் குமிழ் கழுத்தை இழுத்துத் தோளையும் முன்னால் கொண்டுவந்து, இவ்வளவு பாடுபட்டு அமைத்த அளவைக் கெடுத்துவிடும். கூட்டின் மொத்த நீளத்தைச் சரிபார்த்து வெட்டுவது இதெல்லாம் முடிந்த பிறகே நடக்க வேண்டும், ஏனெனில் டைக்குள் சென்றுவரும் ஒவ்வொரு முறையும் கூடு நீள்கிறது; .308 வின்செஸ்டருக்கு அதிகபட்ச நீளம் 51.18 மி.மீ.