ஆன்லைன் சிபிடி: பாடம் முடிந்த பிறகு செய்ய வேண்டியவை

எண்ணங்களையும் செயல்களையும் மாற்றி மனநிலையைச் சீராக்கும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சையை, அதாவது சிபிடியை, இணையம் வழியாகத் தரும் திட்டங்கள் பலவும் ஒரே அச்சில்தான் இருக்கின்றன. 6 முதல் 10 பாடங்கள், 8 முதல் 12 வாரங்கள், பாடத்துக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம். பலன் கிடைப்பது அடுத்த பாடம் வரும்வரை உள்ள ஆறு நாட்களில் செய்யும் பயிற்சியில். எல்லாப் பாடங்களையும் ஒரே வார இறுதியில் படித்து முடித்துவிட்டு, "எல்லாம் புரியுது, ஆனா ஒண்ணும் மாறல" என்று சொல்லும் இளைஞர்கள் நிறையப் பேர். வாரத்துக்கு ஒரு பாடத்துக்கு மேல் போகாதீர்கள். கொடுத்த பயிற்சியைச் செய்யவில்லை என்றால் அதே பாடத்தில் இன்னொரு வாரம் இருங்கள்.

தொடங்கும் முன்

இரண்டு கேள்வித்தாள்களை நிரப்புங்கள். பெரும்பாலான திட்டங்களே இவற்றைக் கேட்கும். மனச்சோர்வுக்கு பிஹெச்கியூ-9: 9 கேள்விகள், மொத்தம் 27. 5 முதல் 9 வரை லேசானது, 10 முதல் 14 வரை மிதமானது, 15 முதல் 19 வரை சற்றுக் கடுமையானது, 20 முதல் 27 வரை கடுமையானது. பதற்றத்துக்கு ஜிஏடி-7: 7 கேள்விகள், மொத்தம் 21, 5லிருந்து லேசானது, 10லிருந்து மிதமானது, 15லிருந்து கடுமையானது. இரண்டுமே கடந்த 2 வாரங்களைப் பற்றிக் கேட்பவை. இன்றைய மனநிலையை வைத்துப் பதில் போட்டால் எண் தவறாக வரும்.

பிஹெச்கியூவின் 9-வது கேள்வி சாக நினைப்பதையும் தன்னைக் காயப்படுத்திக்கொள்வதையும் பற்றியது. அதற்கு உங்கள் பதில் 0 இல்லை என்றால், மொத்தம் எவ்வளவு குறைவாக இருந்தாலும், தனியாகத் தொடங்காமல் ஒரு மருத்துவரிடமோ உளவியலாளரிடமோ பேசுங்கள். எப்படி என்ற திட்டம் மனதில் இருந்தால் இன்றே அவசர உதவியை அழையுங்கள், பாடம் காத்திருக்கும். மொத்தம் 20ஐத் தொட்டவர்கள், இல்லாத குரல் கேட்பவர்கள், தூக்கமே இல்லாமல் அளவுமீறிய உற்சாகத்தில் நாட்கணக்கில் இருந்தவர்கள், தினமும் குடித்தால்தான் முடிகிறது என்பவர்கள் ஆகியோருக்கும் முதலில் நேரடிச் சிகிச்சைதான். தைராய்டு கோளாறும் ரத்தசோகையும் சோர்வு, படபடப்பு போன்ற அறிகுறிகளைத் தரும் என்பதால் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

வழிகாட்டி வேண்டுமா?

முடிந்தால் வேண்டும். நீங்கள் எழுதியதைப் பார்த்து, வாரத்துக்கு 10 முதல் 20 நிமிடம் செய்தியிலோ போனிலோ பேசும் ஒருவர் இருந்தாலே பாதியில் விடுபவர்கள் குறைகிறார்கள். லேசான மனச்சோர்வுக்குத் தனியாகச் செய்வதும் பலன் தரும். மிதமான நிலையிலிருந்து வித்தியாசம் கூடுகிறது. வழிகாட்டி கிடைக்காவிட்டால் ஒரு நண்பரிடம், ஞாயிறுதோறும் "இந்த வாரம் எந்தப் பயிற்சி செஞ்ச?" என்று மட்டும் கேட்கச் சொல்லுங்கள். எழுதியதை அவர் படிக்க வேண்டியதில்லை.

திட்டத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நான்கு விஷயங்களைப் பாருங்கள்: யார் வடிவமைத்தது, வீட்டுப்பயிற்சி இருக்கிறதா, மதிப்பெண் மோசமானால் யாராவது தொடர்புகொள்வார்களா, நீங்கள் எழுதுவது எங்கே சேமிக்கப்படுகிறது. அறையைப் பகிர்ந்துகொள்பவர்கள் பூட்டுத்திரையில் நோட்டிஃபிகேஷன் வாசகம் தெரியாதபடி முதல் நாளே மாற்றிவிடுங்கள். யாராவது படித்துவிடுவார்களோ என்ற பயம் இருந்தால் எழுதுவதில் உண்மை இருக்காது.

மனம் தளர்ந்திருந்தால் செயல்தான் முதலில்

பல திட்டங்கள் எண்ணங்களிலிருந்து தொடங்குகின்றன. மனச்சோர்வு மேலோங்கி இருப்பவர்கள் செயல்பாட்டுப் பாடத்தை முன்னால் இழுத்துக்கொள்வதே மேல். முதல் வாரம் எதையும் மாற்ற வேண்டாம்: ஒவ்வொரு மணிக்கும் என்ன செய்தீர்கள் என்று ஒரு வரி எழுதி, மகிழ்ச்சிக்கு 0–10, சாதித்த உணர்வுக்கு 0–10 என இரண்டு எண் போடுங்கள். இரவில் மொத்தமாக எழுதினால் எல்லாமே 2, 3 என்றுதான் வரும், ஏனென்றால் சோர்ந்த மனதுக்கு நல்லது நினைவில் நிற்காது. இரண்டாவது வாரம், அதிக எண் பெற்ற செயல்களிலிருந்து நாளுக்கு இரண்டை நாள், நேரம், இடம் குறித்துத் திட்டமிடுங்கள். "உடற்பயிற்சி செய்வேன்" என்பது போதாது. "புதன் மாலை 5.30க்கு 10 நிமிடம் நடப்பேன்" என்று எழுதுங்கள். மூட் வரட்டும் என்று காத்திருந்தால் நடக்காது. இந்த நோயில் செயல் முன்னே போகும், மூட் பின்னே வரும்.

எண்ணப் பதிவு

மனதை வருத்தும் எண்ணத்தை எழுதி, அதற்கு ஆதரவான, எதிரான சான்றுகளைப் பார்க்கும் பயிற்சி இது. இதில்தான் அதிகப் பேர் தடுமாறுகிறார்கள். ஒரு உதாரணம். மேலாளரிடமிருந்து இரவில் செய்தி: "நாளைக்குக் கொஞ்சம் பேசணும்." உணர்வு: பயம், 100க்கு 85. எண்ணம்: "என்னை வேலையை விட்டு அனுப்பப் போறாங்க." ஆதரவான சான்று: போன வாரம் அறிக்கையை ஒரு நாள் தாமதமாகக் கொடுத்தேன். எதிரான சான்று: இதே மாதிரி செய்தி முன்பு இருமுறை வந்தது, இரண்டுமே வேலை அட்டவணையைப் பற்றியவை. மாற்று எண்ணம்: "தாமதத்தைப் பற்றிக் கேட்கலாம், கேட்டால் காரணம் சொல்ல முடியும். அனுப்பிவிடுவார்கள் என்பதற்கு இதுவரை அடையாளம் எதுவும் இல்லை." மறுபடி பயம்: 50.

85 என்பது 50 ஆனால் பயிற்சி வேலை செய்தது என்று அர்த்தம். பூஜ்யம் தேவையில்லை. எண் அசையவில்லை என்றால் இவற்றைப் பாருங்கள். எண்ணக் கட்டத்தில் கேள்வி இருக்கிறதா? "ஏன் என்னைக் கூப்பிடல?" என்பதற்குச் சான்று தேட முடியாது, "என்னை அவங்களுக்குப் பிடிக்கல" என்று வாக்கியமாக்கிய பிறகே முடியும். சான்றுக் கட்டத்தில் "எனக்கு அப்படித் தோணுது" என்று இருக்கிறதா? அது உணர்வு, சான்றாகாது. மாற்று எண்ணம் "எல்லாம் நல்லதே நடக்கும்" என்று முடிகிறதா? நீங்களே நம்பாத வாக்கியம் பயத்தைக் குறைக்காது. எண்ணம் உண்மையாகவே இருந்தால், எடுத்துக்காட்டாகத் தேர்வில் உண்மையிலேயே தோற்றிருந்தால், பதிவை மூடிவிட்டுப் பிரச்சினையைத் தீர்க்கும் பாடத்துக்குப் போங்கள்.

பயப்படும் இடத்துக்குப் போவது

தவிர்த்துவரும் சூழல்களில் 8 முதல் 10ஐ எழுதி, ஒவ்வொன்றுக்கும் 0–100 பயமதிப்பு கொடுங்கள். கூட்டத்தில் பேசப் பயப்படுபவருக்கு: தெரியாத ஒருவரிடம் வழி கேட்பது 30, ஆன்லைன் வகுப்பில் கேமராவைப் போடுவது 45, அதில் ஒரு கேள்வி கேட்பது 60, 5 நிமிடம் பேசுவது 90. 30, 40லிருந்து தொடங்குங்கள். போகும் முன் என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்களோ அதை எழுதுங்கள், வந்தபின் நடந்ததை எழுதுங்கள். ஒரே படியை வாரத்தில் மூன்று நான்கு முறையாவது செய்யுங்கள். ஒருமுறை நன்றாக நடந்தால் "அன்னிக்கு அதிர்ஷ்டம்" என்று மனம் தள்ளிவிடும்.

பயம் உச்சத்தில் இருக்கும்போது வெளியேறினால், தப்பித்ததால்தான் பிழைத்தோம் என்ற பாடம் பதிந்துவிடும். அதே வேலையைச் செய்யும் மறைமுகத் தப்பித்தல்களும் உண்டு: பேசும் வரிகளைத் திரும்பத் திரும்ப ஒத்திகை பார்ப்பது, காதில் ஹெட்போனோடு நிற்பது, "நான் பேசினது சரியா இருந்துச்சா?" என்று நண்பரிடமோ சாட்பாட்டிடமோ கேட்டுக்கொண்டே இருப்பது, அறிகுறிகளை கூகுளில் தேடுவது. போனிலேயே சிகிச்சையும் நடப்பதால் இந்தக் கடைசி இரண்டும் பயிற்சி மாதிரியே தோற்றமளிக்கும். ஆறுதல் தேடக் கை போகும்போது 15 நிமிடம் தள்ளிப்போடுங்கள், பிறகு 30.

திடீர் பீதி வருபவர்களுக்கான பாடத்தில், பீதியின்போது வரும் உடல் உணர்வுகளை வேண்டுமென்றே வரவழைத்துப் பழக, ஒரு நிமிடம் நின்ற இடத்தில் ஓடுவது, ஸ்ட்ரா வழியாக மூச்சுவிடுவது போன்றவை வரும். இதயநோய், ஆஸ்துமா, வலிப்பு இருந்தாலோ கர்ப்பமாக இருந்தாலோ மருத்துவரைக் கேட்காமல் செய்ய வேண்டாம்.

எண்ணைப் பார்ப்பது

கேள்வித்தாளைத் தினமும் நிரப்பாதீர்கள், வாரத்துக்கு ஒருமுறைக்கு மேல் வேண்டாம். பிஹெச்கியூவில் 5 புள்ளி குறைந்தால் அது உண்மையான மாற்றம்; ஒன்றிரண்டு ஏறி இறங்குவதற்குப் பொருள் தேட வேண்டாம். பயப்படும் இடங்களுக்குப் போகத் தொடங்கும் வாரங்களில் பதற்ற எண் சற்று ஏறுவது சகஜம். பயிற்சிகளைச் செய்தும் 6 வாரத்தில் அசைவே இல்லை என்றால் அதே பாடங்களை மறுபடி ஓட்டாமல், நேரிலோ வீடியோ காலிலோ ஒரு சிகிச்சையாளரைப் பாருங்கள். மருந்தும் சேரலாம், இரண்டும் ஒன்றுக்கொன்று இடைஞ்சல் இல்லை. ஏற்கெனவே மருந்து எடுப்பவர்கள் எண் குறைந்ததைப் பார்த்துத் தாங்களாக நிறுத்தக் கூடாது.

கடைசிப் பாடத்தை முடித்ததும் ஒரு பக்கம் எழுதி வையுங்கள்: சரிவு தொடங்கும்போது உங்களிடம் முதலில் தெரியும் மூன்று அடையாளங்கள் (பதில் போடாத செய்திகள் சேர்வது, மதியம்வரை படுக்கை, குளிக்காமல் விடுவது என எதுவானாலும்), அப்போது மறுபடி தொடங்கப் போகும் இரண்டு பயிற்சிகள், கூப்பிடப் போகும் ஒருவர். 1 மாதத்திலும் 3 மாதத்திலும் கேள்வித்தாளை நிரப்ப போன் காலண்டரில் நினைவூட்டல் போடுங்கள். முடிக்கும்போது இருந்த எண்ணைவிட 5 கூடியிருந்தால் அந்தப் பக்கத்தை எடுத்து அன்றே தொடங்குங்கள்.