ரோஜா அசுவினியும் நான் கிள்ளி எறிந்த உப்பிய பூச்சிகளும்

ரோஜாச் செடியின் துளிர்களிலும் மொக்குக் காம்புகளிலும் சாறு உறிஞ்சும் சிறு பூச்சிகளான பச்சை அசுவினிகள் அப்பிக்கொண்டு, இலைகள் பிசுபிசுத்து, மொக்குகள் கோணலாக விரியத் தொடங்கின. சோப்புக் கரைசல் தெளித்தேன். சில நாள்களில் மீண்டும் வந்தன. வேப்பெண்ணெயிலும் அதே கதைதான். இதற்கிடையே, வைக்கோல் நிறத்தில் உப்பி இலையோடு ஒட்டிக் கிடந்த சில அசுவினிகளை ஏதோ நோய் என்று எண்ணி, அந்த இலைகளையும் கிள்ளி எறிந்துவந்தேன். அதுதான் பெரிய தவறு.

ஒரு நாள் லென்ஸ் வைத்துப் பார்த்தபோது, உப்பிய ஓர் அசுவினியின் பின்முதுகில் கத்தரித்தாற்போன்ற வட்டத் துளையும், அதன் விளிம்பில் மூடிபோல் தொங்கிய சிறு தோலும் தெரிந்தன. 2 முதல் 3 மி.மீ. நீளமே உள்ள அஃபிடியஸ் வகை ஒட்டுண்ணிக் குளவி, வயிற்றைக் கால்களுக்கிடையே முன்னோக்கி வளைத்து அசுவினிக்குள் முட்டையிடுகிறது. உள்ளேயே தின்று வளரும் புழு, அசுவினியின் உப்பிய தோலுக்குள் கூட்டுப்புழுவாகிப் பின் குளவியாகத் துளையிட்டு வெளியேறுகிறது. அசுவினி கருவுறாமலே குட்டி ஈன்று விரைவில் பெருகிவிடும். குளவிக்கோ ஒரு தலைமுறை முடிய ஏறத்தாழ 2 வாரம் வேண்டும். என் தெளிப்பு அந்த அவகாசத்தைக் கொடுக்கவே இல்லை.

தெளிப்பை அறவே நிறுத்தினேன். மொக்குகளில் மிகுந்தவற்றை மட்டும் விரலால் வழித்தேன். உப்பியவை இருந்த இலைகளைத் தொடவில்லை. முதல் வாரம் அசுவினி கூடியது. பொறுத்துக்கொள்வது கடினமாக இருந்தது. மூன்றாம் வாரத்தில் துளிருக்குத் துளிர் உப்பிய கூடுகள், பெரும்பாலும் வட்டத் துளையோடு. துளையின் விளிம்பு பிய்ந்தாற்போல் இருந்தால், வெளிவந்தது அந்த நல்ல குளவியையே தின்னும் வேறொரு குளவியாக இருக்கலாம். ஆகவே விளிம்பையும் உற்றுப் பாருங்கள்.